அத்தைக்கு ஆதி தாளத்தில் ஓர் ஒப்பாரி

சாவு வீட்டில் அழுகை வராமல் ஒருத்தி நின்றால் ஊர் மன்னித்துவிடும். அழுகையை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவளை மன்னிக்காது. நான் இரண்டாவது ரகம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் மன்னிப்பு வரவில்லை (இனிமே வந்துதான் என்ன செய்ய).

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போட்டுக்கொண்டிருந்த எங்கள் அய்யா, என்னை மெட்ராஸில் ஒரு காலேஜுக்கு பி.ஏ. இசை படிக்க அனுப்பினார். அனுப்பினார் என்பதே தப்பு. அனுப்ப வைத்தவள் அவர் தங்கை, பேச்சி அத்தை. சின்ன வயதில் புருஷனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள், பிள்ளை குட்டி கிடையாது. சுற்றுப்பட்டு ஊர்களில் யார் செத்தாலும் முதலில் அத்தைக்குத்தான் ஆள் வரும். ஒப்பாரியில் அவள் முதல் வரி எடுத்தால், செத்தவரோடு வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு அலைந்தவன்கூடத் துண்டால் மூஞ்சியைப் பொத்திக்கொள்வான்.

"பாட்டுப் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா?" என்றார் அய்யா.

"எம் பாட்டு சாவுக்கு மட்டுந்தாண்ணே ஆகுது. இவ பாட்டாவது நல்லதுக்கு ஆகட்டும்" என்றாள் அத்தை. பிறகு என்னிடம், "நான் போறன்னிக்கு நீதான் மொத வரி எடுக்கணும்த்தா. பி.ஏ. படிச்ச ஒப்பாரி இந்த ஏழூருல எவளுக்கும் கெடச்சிருக்காது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

மூன்றாம் வருஷம், பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது தந்தி வந்தது. அத்தை சீரியஸ், உடனே வா. அந்தக் காலத்தில் சீரியஸ் என்று தந்தி வந்தால் ஆள் போய்விட்டது என்று அர்த்தம். ஹாஸ்டலில் கூடப் படித்தவர்கள் அழுதார்கள், எனக்கு வரவில்லை. முதல் வரி நான் எடுக்க வேண்டும், அத்தை பெருமை குறையக் கூடாது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

ரயிலில் உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்தேன். சோகத்துக்கு முகாரி ராகம் என்று பாடத்தில் இருந்தது (சொந்த புத்தி ஒன்றும் இல்லை). திருச்சி வருவதற்குள் பல்லவி தயார். மானாமதுரையில் சரணத்துக்குச் சங்கதி சேர்த்துவிட்டேன். தொடையில் தாளம் தட்டியபடி முணுமுணுத்த என்னை, எதிரில் இருந்த கீழக்கரைக்காரம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "கலியாணத்துக்குப் பாடப் போறியாம்மா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

பரமக்குடியில் இறங்கி, பஸ் பிடித்து, வீடு போய்ச் சேர்ந்தேன். அத்தையைச் சுற்றிப் பெண்கள் தோளில் கைபோட்டு வட்டம் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அத்தையோடு ஊர் ஊராகப் போய் அழுத மாயக்கா நகர்ந்து இடம் விட்டது. "ஒனக்காகத்தான் யாரும் மொத வரி எடுக்கல. எடு ஆத்தா" என்றது.

நான் முதலில் சுருதி பிடித்தேன். "ம்ம்ம்" என்று இழுத்து, சரியில்லை என்று அரைக்கட்டை இறக்கி, மறுபடியும் "ம்ம்ம்". பெண்கள் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள். "எங்கு நாடுவேன் அத்தையே இனி" என்று பல்லவியை எடுத்தேன். அடடா, வரி முடிந்தது என்று எல்லாரும் சேர்ந்து அழ ஆரம்பித்தால், நான் அதே வரியை, மெட்டைக் கொஞ்சம் வளைத்து, இரண்டாம் சங்கதியோடு திரும்பப் பாடினேன். அழுகையை நிறுத்தினார்கள். மூன்றாம் சங்கதி. ஒருத்தி அழுதாள், ஒருத்தி நிறுத்தினாள், ஒருத்தி என் கையையே பார்த்தாள். என் வலது கை ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஸ்கூல் வாத்தியார் தன்னை மறந்து "பேஷ்" என்றார். அதோடு மிச்சம் அழுதுகொண்டிருந்தவளும் நிறுத்திவிட்டாள்.

மாயக்கா என் முகத்தைப் பார்த்தது. கேலி இல்லை, நிஜமாகவே கேட்டது: "பரீச்சை முடிஞ்சிருச்சாத்தா? நாங்க அழுகட்டுமா?"

பிறகு அதுவே எடுத்தது.

"ஊருக்கெல்லாம் அழுதவளே – இன்னிக்கு
ஒனக்கழுக ஒருத்தியில்லையே"

கூரை பிய்ந்துபோகிற மாதிரி அத்தனை பேரும் அழுதார்கள். அந்த ஒருத்தி நான்தான் என்று தெரிந்தது. அப்போதும் எனக்குக் கண்ணீர் வரவில்லை.

அஸ்தியை ராமேஸ்வரம் கொண்டுபோனோம். அய்யா இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதார். நான் கரையில் அவர் செருப்பைக் காவல் காத்தேன். திரும்பி வரும்போது பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தது. "அன்னிக்கு நீ பாடுனது என்ன ராகம்த்தா?" என்று அய்யா கேட்டார்.

"முகாரிய்யா."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தார். அவர் ரெண்டு அறை அறைந்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது அழுதால், "பரீச்சை முடிஞ்சிருச்சா?" என்று கேட்பார்கள். துக்க வீட்டுக்குப் போனால் என் வலது கையை யாராவது பிடித்துக்கொள்வார்கள். பேரன் பேத்திவரை இந்தக் கதை தெரியும், நானே நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பேன். அந்த வருஷம் ஏன் பாட்டுப் பரீட்சையில் கோட்டைவிட்டேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

பரீட்சை ஹாலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "முகாரி பாடும்மா" என்றார் நடுவில் இருந்தவர். வாயைத் திறந்தேன். வந்தது மாயக்காவின் வரி. சுருதி இல்லை, தாளம் இல்லை. மெட்ராஸில், மின்விசிறிக்கு அடியில், எங்கள் ஊர்ப் பெண்கள் அழுகிற மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். தம்பூரா போட்ட பெண் பயந்து கையை எடுத்துவிட்டாள்.

பேச்சி அத்தைக்கு நான் அழுததைக் கேட்டவர்கள் அந்த மூன்று பேர்தான். அவர்கள் எனக்குப் பாஸ் போடவில்லை.