படகில் சொல்லக்கூடாத பிராணி

ஷெட்லாந்து
அக்டோபர், சந்தை நாள்

அன்புள்ள தங்கை ஓஸ்லாவுக்கு,

ஸ்டென்னா தீவைப் பற்றிய என் விரிவுரையைத் தீவில் நின்று நிகழ்த்தாமல், போகும் வழியில் படகிலேயே நிகழ்த்துவது என்று ஆகஸ்ட் மாதம் முடிவு செய்தேன். இது அவசரத்தில் எடுத்த முடிவல்ல. காற்றின் திசை, கேட்பவர்களின் தொப்பி, என் தொண்டை எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தேன். இடையில் ஒருமுறை மனம் மாறி, பிறகு மாறிய மனத்தைத் திருத்திக்கொண்டேன். பிறர் வாயால் நீ இதைக் கேள்விப்படுவது முறையல்ல என்பதால் முதலில் எழுதிவிட்டேன்.

இனி நலம். நானும் என் முழங்கால்களும் வயதுக்கேற்றபடி இருக்கிறோம். நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அந்த எலுமிச்சை மரமும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போன கடிதத்தில் அங்கே எல்லாம் அற்புதம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நம் ஊரில் நன்றாக இருப்பதை ‘மோசமில்லை’ என்போம். ‘அற்புதம்’ என்பது சாவு வீட்டில் தேநீரோடு வரும் தீய்ந்த கேக்குக்குச் சொல்வது. உண்மையில் என்ன கஷ்டம் என்று மறைக்காமல் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். பொது மேய்ச்சல் கூட்டத்தில் வசந்தகாலத்தில் சொன்னது உனக்கு நினைவிருக்கும். ஸ்டென்னாவின் புல் ஊரார் எல்லாருடைய ஆட்டுக்கும் பொது. நம் மட்டக்குதிரைகள் அதில் பங்கு தின்றுவிட்டு, பதிலுக்குக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இந்தக் கோடைக்குள் ஊருக்கு ஏதாவது பிழைப்பைக் கொண்டுவந்தால் தீவிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் அக்டோபர் சந்தைக்குப் போகட்டும் என்றார்கள். உன் புள்ளிக் குதிரை ஃப்ளெக்காவும் இதில் சேர்த்தி. அதை என் தங்கை புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள் என்று எடுத்துச் சொன்னேன். “அந்தப் பாலும் எங்க மாடு குடுத்ததுதானே” என்றார்கள். ஆகவே எடின்பரோவில் சுற்றுலா நடத்தும் மிஸ் கார்ஃப்ரே என்ற அம்மையாருக்கு எழுதி, ஒரு நாள் வந்து பாருங்கள், பழைய வட்டக் கோட்டை இருக்கிறது, கூரையில்லாத தேவாலயம் இருக்கிறது, எங்கள் மண்ணின் மட்டக்குதிரைகள் இருக்கின்றன, பிடித்திருந்தால் ஒவ்வொரு கோடையிலும் ஆட்களை அனுப்புங்கள் என்று அழைத்தேன். அவரும் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு நாளை நம்பித்தான் ஃப்ளெக்கா இருந்தது.

படகு எர்ட்டியுடையது, வேறு யாரிடமும் அவ்வளவு பெரிய படகில்லை. எர்ட்டியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் அப்பா காலத்துக் கடல் சட்டத்தை இன்னும் விடவில்லை. கடலில் குதிரையைக் குதிரை என்று சொல்லக் கூடாது. பாதிரியார், தேவாலயம், பூனை ஆகியவற்றுக்கும் அதே தடை. யாராவது வாய் தவறினால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து கரையில் கால் வைத்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். ஆயுள் முழுவதும் நூலகத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இதெல்லாம் ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டிருந்தது. என் முடிவை அவனிடம் போய் அறிவித்தேன்.

“படகுலயா பேசப்போறே?”

“முடிவு பண்ணிட்டேன்பா.”

“எதைப் பத்தி?”

சொன்னேன். நாங்கள் நின்றது தரையில்தான். ஆனாலும் அவன் தோஷம் கழியப் படகின் இரும்பு வளையத்தைக் கையால் பிடித்துக்கொண்டான்.

“அதை விட்டுட்டு மீனைப் பத்திப் பேசு.”

“அவங்க மீன் பாக்க வரல எர்ட்டி.”

“அது அவங்க தலைவிதி.”

கடைசியில், பழைய கடல்மொழியிலேயே பேசுவதாக வாக்குக் கொடுத்தேன். தேவாலயம் மணிவீடு, பாதிரியார் எழுந்து நிற்பவர், குதிரை சடையன். கேட்பதற்குக் கவித்துவமாக இருக்கும் என்று நினைத்தேன். இப்படி நினைத்ததைப் பற்றிய வருத்தம் எனக்கு இன்றுவரை குறையவில்லை.

குறித்த நாளில் மிஸ் கார்ஃப்ரே வந்தார். கூடவே தன் அக்காள் கணவரையும் அழைத்து வந்தார். அவர் பெயர் லாக்ஹார்ட், தொழில் பாதிரியார். வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு துறையில் நின்று எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்தார். எர்ட்டி அவரைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், பிறகு தன் மெழுகுச் சட்டையைக் கழற்றி நீட்டினான்.

“போட்டுக்குங்க சார். மழை வரும்.”

“வானத்துல ஒரு மேகம்கூட இல்லையே?”

“கழுத்து வரைக்கும் பொத்தான் போடுங்க.”

படகு கிளம்பியது. நான் எழுந்து, “நாம் காணப்போகும் பிராணி நான்கு கால்கள் உடையது, குள்ளமானது, சடை மிகுந்தது, வைக்கிங்குகளுக்கும் மூத்த குடி” என்று தொடங்கினேன். மிஸ் கார்ஃப்ரே உதவி செய்யும் நோக்கத்தில், “மட்டக்குதிரைதானே?” என்றார். எர்ட்டி படகைத் திருப்பினான். எல்லாரும் இறங்கிக் கல்லில் கால் வைத்துவிட்டு ஏறினோம். இரண்டாம் முறை பாதி வழிகூடப் போகவில்லை, திரு. லாக்ஹார்ட், “ஒரு பாதிரியார்ங்கிற முறையில கேக்கறேன், இந்த மாதிரி மூட நம்பிக்கையை நீங்க” என்று தொடங்கிய வாக்கியத்தின் பிற்பகுதி துறையில்தான் முடிந்தது. அங்கே நிறுத்தி வைத்து எல்லாச் சொற்களையும் விளக்கினேன். மூன்றாம் பயணத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் மட்டும் பேசினேன். மணிவீட்டுக்குக் கூரை கிடையாது, எழுந்து நிற்பவர் அங்கே கடைசியாக எழுந்து நின்று பல தலைமுறை ஆகிறது, இப்போது சடையன்கள்தான் உள்ளே போய்வருகிறார்கள் என்றேன். திரு. லாக்ஹார்ட் கை தூக்கினார்.

“யாரு எழுந்து நிக்கறவரு?”

“நீங்கதான் சார்.”

அவர் உட்கார்ந்துதான் இருந்தார். இருந்தாலும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தார்.

தீவில் மேய்ச்சல் நிலம் காலியாகக் கிடந்தது. நம் குதிரைகளுக்கு விருந்தாளி வருவது எப்படியோ தெரிந்துவிடும். வட்டக் கோட்டையையாவது காட்டலாம் என்று அழைத்துப்போனேன். அந்தத் தாழ்ந்த கல் வழியில் குனிந்து முதலில் நுழைந்தவர் திரு. லாக்ஹார்ட். அவர் சட்டைப்பையில் பெப்பர்மின்ட் மிட்டாய் இருந்திருக்கிறது. நாங்கள் குனிவதற்குள் சுவருக்குப் பின்னாலிருந்து உன் ஃப்ளெக்கா வந்து, எங்களைப் பொருட்படுத்தாமல் அவர் பின்னாலேயே நுழைந்தது. பாதி தூரம் போயிற்று. மீதிப் பாதிக்கு வழியில் இடமில்லை. அது இந்தக் கோடையில் நன்றாக மேய்ந்திருக்கிறது என்ற கூட்டத்தாரின் புகாரில் உண்மை உண்டு.

ஆக, உள்ளே எழுந்து நிற்பவர், வழியில் சடையி, வெளியே நாங்கள். ஷெட்லாந்தின் தொல்பெருமையிலும் அதன் மண்ணின் குதிரையிலும் மிஸ் கார்ஃப்ரேவுக்குக் காணக் கிடைத்தது ஒரு வாலும் அதைச் சார்ந்த பகுதிகளும் மட்டுமே.

“இழுத்துப் பாக்கலாமா?” என்றார் அந்த அம்மையார்.

“வேணாம்மா. தண்ணி வடியட்டும். கடல்பாசி திங்கற நேரம் வந்தா தானா பின்னால வரும்” என்றான் எர்ட்டி.

“அது எப்போ?”

“அதுக்குத் தெரியும்.”

உள்ளேயிருந்து வேதாகமச் சங்கீதம் பாடும் குரல் கேட்டது. இடையிடையே, “மிட்டாய் தீந்துபோச்சு” என்ற அறிவிப்பும் வந்தது. நான் அந்த வாலுக்கு முன் நின்று மீதி விரிவுரையை முடித்தேன். கடல் வடிந்தபோது ஃப்ளெக்கா பின்னோக்கி வந்து, எங்கள் தேநீர்க் கூடையை மிதித்து, கடற்கரைக்கு நடந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேவாலயத்துக்கு நேரமில்லை.

வரும் வழியில், நம் துறை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், திரு. லாக்ஹார்ட் மனம் நெகிழ்ந்து, “அந்தக் குதிரையையும் ஆண்டவன்தானே படைச்சான்” என்றார். புறப்பட்ட இடம் என்பது இம்முறை ஸ்டென்னா. எர்ட்டி திருப்பினான். அவர்கள் அன்றைய கப்பலைத் தவறவிட்டார்கள்.

பிரியும்போது மிஸ் கார்ஃப்ரே என் கையைக் குலுக்கி, “அற்புதம்” என்றார். வண்டியில் ஏறும்போது மறுபடி, “அற்புதம்.” கண்ணாடியை இறக்கி மூன்றாம் முறையும். நானும் எர்ட்டியும் வண்டி போன திசையைப் பார்த்து நின்றோம்.

“மூணு தடவை சொல்லிடுச்சு” என்றான் எர்ட்டி.

“கேட்டேன்.”

“ஒரு தடவை சொன்னாலே தாங்காது. பாவம்பா நீ.”

மறுநாளே கூட்டத்துக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பிறர் கேட்டுச் சொல்வதைவிட நாமே சொல்லிவிடுவது கௌரவம் அல்லவா. அற்புதம் என்றார் என்றதும், எப்போதும் என்னை எதிர்த்துப் பேசுகிறவர்களே எழுந்து வந்து என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

போன வாரம் எர்ட்டி அவற்றைத் தீவிலிருந்து கொண்டுவந்தான். நானும் கூடப் போனேன். படகு முழுக்க அவைதான்; அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லக் கூடாது. ஃப்ளெக்கா என் கோட்டுக் கையைச் சப்பிக்கொண்டு வந்தது. எர்ட்டி அதைப் பார்த்து, “நில்லுடி சடையி, ஆடாதே” என்று ஒரே ஒரு முறை சொன்னான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டான். காற்று அதிகம் என்றான். இன்று லெர்விக் சந்தையில் தெற்கத்தி வியாபாரி ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கிவிட்டார். சாயங்காலக் கப்பலில் அபர்தீனுக்கு ஏற்றினார்கள். உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, சந்தை காத்திருக்காது. நான் மட்டும் தீவிலேயே வாயைத் திறந்திருந்தால் காற்று என் பேச்சை நார்வேக்குக் கொண்டுபோயிருக்கும், யாருக்கும் கேட்டிருக்காது, எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். அண்ணனை மன்னித்துவிடு. அந்த அம்மையார் மேல் எனக்கு வருத்தமில்லை. தன் கருத்தை ஒளிக்காமல் சொன்னார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உங்கள் கூரை காற்றுக்கு அசையாமலும், அடுப்பு அணையாமலும், எலுமிச்சை மோசமில்லாமலும் இருக்கட்டும்.

என்றும் உன் அண்ணன்,
கிடியன்

பின்குறிப்பு (மறுநாள்): கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று காலை கதவு தட்டப்பட்டது. மிஸ் கார்ஃப்ரே. வரும் கோடை முழுவதும் புதன்கிழமைதோறும் ஆட்களை அனுப்பப்போகிறாராம். இப்போதே இடம் நிரம்பிவிட்டதாம். படகு வழக்கம்போல் திரும்பித் திரும்பி வரவேண்டும், என் விரிவுரையில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது, கோட்டை வழியில் அந்தப் புள்ளிக் குதிரை கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். “அன்னிக்கே சொன்னேனே, அற்புதம்னு” என்றார். ஆமாம் அம்மா, சொன்னீர்கள் என்றேன். அவர் வந்த கப்பலும் ஃப்ளெக்கா போன கப்பலும் நேற்று இரவு ஃபேர் தீவுக்கு அருகே ஒன்றையொன்று கடந்திருக்கின்றன.