வாணம் ஏறியதற்குப் பதினோரு வெள்ளைப் படங்கள்

டோன் யாங் ஊர்,
ஆறாம் மாதம், தேய்பிறை ஐந்தாம் நாள், புத்த வருஷம் 2553.

தைவான் இரும்புப் பட்டறையில் கடல் தாண்டி வியர்வை சிந்தும் என் அருமைத் தம்பி விசியனுக்கு, கடையில் பப்பாளிக்காயும் மிளகாயும் இடித்து இடித்து வலது கை மட்டும் பருத்துப்போன உன் அக்கா லம்துவன் எழுதும் கடிதம். இங்கே நானும் உன் மச்சான் காம்பூனும் இரண்டு எருமைகளும் சுகம். அவரும் எருமைகளுமாக மூவரில் யார் அதிகம் தின்கிறார்கள் என்று கேட்காதே, உன் மச்சான் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே உனக்கு ஒட்டரிசிச் சோறு கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் வேறு எதைத் தின்று உயிரோடு இருக்கிறாய் என்று எழுது.

நீ அனுப்பிய கேமரா பத்திரமாக வந்தது. போன வருஷம் நீ புறப்படும்போது விகாரைப் பிக்கு பெரிய சாமியின் முன்னால் நீயும் உன் மச்சானும் பேசியது எனக்கு மறக்கவில்லை. "நான் இல்லாம மழைத் திருவிழாவுல நம்ம தெரு வாணம் ஒரு வருஷம் ஒழுங்கா ஏறிட்டா, வாண மேஸ்திரி பட்டத்த நீங்களே வச்சுக்கங்க மச்சான். ஏறலேன்னா நான் திரும்பி வர்ற வரைக்கும் அது எனக்காகக் காத்திருக்கணும்" என்று நீதான் சொன்னாய். கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று கேமராவையும் நீதான் அனுப்பினாய். அதனால் இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது வெறும் ஊர்க்கதை இல்லை, உன் பட்டம் போகிறதா இருக்கிறதா என்கிற விஷயம். நிதானமாகப் படி.

முதல் தகராறு, கேமராவின் உள்ளே இருப்பதெல்லாம் நீ வாங்கிய ஊரின் எழுத்து. நான் நாலாம் வகுப்பு வரை படித்த நம் எழுத்தையே வெயில் நேரத்தில் கண்ணைச் சுருக்கித்தான் படிப்பேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடை ஹெங் அண்ணனிடம் போனேன். அவருக்கு அவர் தாத்தா சொல்லிக்கொடுத்த சீன எழுத்து தெரியும், ஆனால் மருந்துப் பெயர் வரைக்கும்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது வெளிச்சம்னு நினைக்கிறேன் லம்துவன். இல்லாட்டி சளிக்குக் குடுக்கிற வேர்."

"எதுக்கும் அமுக்கிப் பாக்கட்டுமா அண்ணே?"

"அமுக்கு. காய்ச்சல் வந்தா என்கிட்டதான வரப்போற."

வருஷம் என்கிற எழுத்து மட்டும் அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது, மருந்து கெட்டுப்போகும் தேதி போட்டிருப்பார்களே, அதனால். அங்கே 2010 என்று நின்றது. இது 2553 என்று எருமைக்கும் தெரியும். முன்னால் இருந்த இருபதை எத்தனை தடவை அழுத்தினாலும் இருபத்தைந்தாக ஆவேனா என்று அடம்பிடித்தது. சரி, தலை வராவிட்டால் வாலாவது வரட்டும் என்று பின்பக்கம் ஐம்பத்துமூன்றை வைத்துவிட்டு வந்தேன். அதிலிருந்து எடுக்கிற படத்திலெல்லாம் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் 2053 என்று விழுகிறது. பெரிய சாமியை முதல் படம் எடுத்து அவரிடமே காட்டினேன். அவர் தேதியை வெளிநாட்டு வருஷக் கணக்கில் பார்த்துவிட்டு, "அப்ப நாப்பத்துமூணு வருஷம் கழிச்சும் நான் இதே பாயிலதான் உக்காந்திருக்கேனாம்மா? இன்னுமா எனக்கு விடுதலை கிடைக்கல?" என்று வருத்தப்பட்டார். நான் என்ன சொல்வேன், பல் எல்லாம் அப்படியே இருக்கு சாமி என்று ஆறுதல் சொன்னேன்.

அடுத்தது கேமராவின் தலையில் இருக்கும் திருகு சக்கரம். அதில் எழுத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் படங்கள் இருந்ததால் நான் பிழைத்தேன். பூ இருந்தது, விகாரைப் பூத்தட்டை எடுக்க அதை வைத்தேன், இதழில் ஊர்ந்த எறும்பின் மீசை வரைக்கும் விழுந்தது. மலை இருந்தது, நம் மாவட்டத்தில் மலை கிடையாது, அதை நான் தொடவே இல்லை. மின்னல் மாதிரி ஒரு குறி, அதை அழுத்தினால் பளிச்சென்று அடிக்கும். அதோடு வாணக் கொட்டகைக்குப் போனேன். உள்ளே உன் மச்சானும் பதினோரு பேரும் வெடியுப்பையும் கரியையும் இடித்து நீலக் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவைத் தூக்கியதும் உன் மச்சான் இடிகோலை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

"அந்த மின்னலை வெளியவே வச்சுட்டு வா. இங்க ஒரு பொறி பட்டுச்சுன்னா, நம்ம எல்லாரையும் பக்கத்து மாவட்டத்துல போய்த்தான் பொறுக்கணும்."

"படம் எடுக்கிற மின்னல்ங்க. சுடாது."

"வாணம் கேக்குமா அதெல்லாம்?"

சரி என்று மின்னலை அணைக்கத் தேடி ஏதோ ஒன்றை அழுத்தினேன். அது நேரம் வைத்துத் தானாகவே படம் எடுக்கும் குறி என்று எனக்குப் பிறகுதான் தெரியும். கேமராவை வெடியுப்பு மூட்டையின் மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்து, பீப், பீப் என்றது. பிறகு வேகமாக பீப்பீப்பீப் என்றது. தம்பி, உனக்கே தெரியும், திரி எரிகிற வேகத்தைக் காதாலேயே அளக்கிற ஆட்கள் அவர்கள். பன்னிரண்டு பேரும் கொட்டகையின் மூன்று சுவர் வழியாகவும் வெளியே போனார்கள். நாலாவது பக்கம் சுவர் கிடையாது, அந்தப் பக்கம் யாரும் போகவில்லை, அவசரத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது. படம் இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் நிதானமாகச் சொறிந்துகொண்டிருப்பது நம் நாய். இடது ஓரம் ஓலைக்குள் பாதி நுழைந்து நிற்பது உன் மச்சானின் பின்பக்கம், தேதி 2053.

இதை எழுதாதே என்கிறார். எழுதியாகிவிட்டது.

இனி திருவிழா. தெருவே சேர்ந்து வாணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிப்பாடி வயலுக்குப் போனது. பெண்கள் வாணம் ஏற்றும் மூங்கில் ஏணிக்குப் பக்கத்தில் போகக்கூடாதே, அதனால் நான் குளத்துக் கரையில் என் உரல் உலக்கையோடு கடை போட்டு, அங்கிருந்தே கேமராவை நீட்டிக்கொண்டிருந்தேன். சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தால், என்ன சொல்ல, வாணமே அதில் வரைந்திருக்கிறது. வானத்தில் பூவாக வெடிக்கிற மாதிரி ஒரு குறி. கேமரா செய்தவன் நம் ஊரை நினைத்துத்தான் செய்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டு அதையே வைத்தேன். உன் மச்சான் ஏணியில் ஏறித் திரியைக் கொளுத்தினார். நம் வாணம் சீறிக்கொண்டு கிளம்பியது. நான் அழுத்து அழுத்து என்று பதினோரு தடவை அழுத்தினேன்.

இந்த இடத்தில் உன் மச்சான் சொல்வதையும் சேர்க்க வேண்டுமாம்.

"மேகத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போச்சுன்னு எழுது."

"அன்னிக்கு மேகமே இல்லையே."

"கிழிச்சதுக்கப்புறம் எங்கிருந்து இருக்கும்? முன்னூத்திப் பன்னிரண்டு நொடி மேலயே நின்னுச்சுன்னும் எழுது."

"யாரு எண்ணினது?"

"எண்ணினவன் நடுவுல தூங்கிட்டான். அவ்வளவு நேரம் நின்னுச்சு."

எழுதிவிட்டேன். ஆனால் படங்களை அச்சடிக்கக் கொடுத்தால், கடைக்காரப் பெண் உறையை இரண்டு விரலால் பிடித்து நீட்டுகிறாள். "அக்கா, பதினோரு வெள்ளைத் தாள் போட்டுக் குடுத்திருக்கேன். இன்னும் ரெண்டு வேணும்னா சும்மாவே தர்றேன்" என்கிறாள். அந்த வாணக் குறி இருட்டில் வெடிக்கிற வாணத்துக்காம். கேமரா ரொம்ப நேரம் கண்ணை விரித்து வைத்துக்கொண்டு இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிடுமாம். நாம் உச்சி வெயிலில் வாணம் விடுவோம் என்று கேமரா செய்தவனுக்கு யார் சொன்னது? வானத்து ராசாவிடம் மழை கேட்பதை அவர் விழித்திருக்கும்போதுதானே கேட்க முடியும். ஆக, பதினோரு படமும் வெள்ளை. வாணம் இல்லை, ஏணி இல்லை, உன் மச்சான் இல்லை. வாணம் அவ்வளவு உயரம் போனதால்தான் வானம் மட்டும் தெரிகிறது என்று சொல்லச் சொல்கிறார். நீ நன்றாக உற்றுப் பார்த்தால் ஏழாவது படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அதுதான் நம் வாணமாம். அது படத்தைத் தொட்ட என் மிளகாய் விரல் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் படித்தவர் அவர், ஆறாம் வகுப்பு.

ஆகையால் தம்பி, பேசியபடி மேஸ்திரி பட்டத்தை உன் மச்சானுக்கு விட்டுக்கொடுத்து, பெரிய சாமிக்கு ஒரு வரி எழுதிப்போடு. உனக்குப் புத்தம், தர்மம், சங்கம் என்னும் மும்மணிகளின் அருளும் வானத்து ராசாவின் குளிர்ந்த பார்வையும் எப்போதும் உண்டாகட்டும். இயந்திரத்தில் கை வைக்கும் முன் இரண்டு தடவை பார். ஹெங் அண்ணன், பெரிய சாமி, நாய், எல்லோரும் உன்னைக் கேட்டார்கள்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா
லம்துவன்

பின்குறிப்பு: உன் மச்சான் எருமைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார், அதனால் அவசரமாக எழுதுகிறேன். கடைக்காரப் பெண் வாணக் குறியைப் பற்றி எனக்கு விளக்கியது திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால். பக்கத்து ஊர் வாணத்தில் சோதித்துப் பார்த்து ஏமாந்து, அவளிடம் கேட்டு, சக்கரத்தை முழுக்கப் படித்துவிட்டேன். திருவிழா அன்று நான் வைத்தது ஓடுகிற மனிதன் குறி. அது எவ்வளவு வேகமாக ஓடுகிறவனையும் அப்படியே நிறுத்திப் பிடிக்கும். நம் வாணம் பனைமர உயரம் வரை போய், அங்கே கொஞ்சம் யோசித்து, திரும்பி, ஊர்த்தலைவரின் பந்தலுக்குள் தலைகுனிந்து நுழைந்து மறுபக்கமாக வயலில் படுத்துவிட்டது. வாணம் ஏறாவிட்டால் செய்தவனைச் சேற்றில் போடுவது வழக்கமாயிற்றே. உன் மச்சான் நல்ல ஓட்டம் ஓடினார். நாலு பேர் கையையும் காலையும் பிடித்து வீசினார்கள். அவர் அந்தரத்தில் இருக்கும்போது எடுத்த படத்தைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். எவ்வளவு தெளிவு பார், சேற்றுத் துளி ஒவ்வொன்றையும் எண்ணலாம். வாய் திறந்திருக்கிறதே, அப்போது அவர் கத்தியது, "விசியன் இருந்திருந்தா வெடியுப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பான்டா" என்று. ஊரே கேட்டது.

மறுநாள் என்னிடம் வந்து, "இத உன் தம்பிக்கு அனுப்பிடாத, வேற ஏதாவது அனுப்பு" என்றார். வேறு என்ன இருக்கிறது என்றேன். "வானம் இருக்கே" என்றார். கொல்லையில் நின்று வாணக் குறியை வைத்து வெறும் வானத்தைப் பதினோரு தடவை எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, பகலில் ஓரத்தில் ஒரு இலைகூட விழாமல் அவ்வளவு சுத்தமான வெள்ளை வருவதற்கு நிறையப் பழக வேண்டும்.

பட்டம் உன்னுடையதுதான், அடுத்த ஆறாம் மாதத்துக்குள் வந்து வாங்கிக்கொள். ஆனால் அவரைத் திட்டி எழுதாதே, இந்நேரம் ஊரிலிருந்து நாலு பேராவது உனக்குப் போன் போட்டிருப்பார்கள் என்றாலும் எதுவும் தெரியாதவன் போலவே இரு. பட்டத்தை அவருக்கே கொடுத்துவிட்டதாகவும், பிரமாதம் மச்சான் என்றும், அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய வாணத்தை அவரே தனியாகச் செய்ய வேண்டும் என்றும் நாலு பக்கம் புகழ்ந்து எழுது. சேற்றைத் தாங்கிக்கொண்டார், புகழ்ச்சியைத் தாங்கமாட்டார். பத்தே நாளில் அவரே உனக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, வந்து சேரடா என்று அழைப்பார். நான் பக்கத்தில் கேமராவோடு இருப்பேன். அந்த முகத்துக்குச் சக்கரத்தில் எந்தக் குறியை வைப்பது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.