ஆறு சேகர்க்கு மேல் ஏழரை சேகர்க்குள்

கூச்ச சுபாவம் உள்ளவனுக்குக் கணினியைப் போல ஒரு நல்ல துணை கிடையாது. எதிரே உட்கார்ந்துகொண்டு "இன்னா படிச்சிருக்கீங்க?" என்று கேட்காது. நாம் தப்பு செய்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டாது. பிளஸ் டூவோடு படிப்பை முடித்துக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற நான், கணினியோடு இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

எனக்கு ஒரு வலைப்பூகூட உண்டு. இலவச மென்பொருள்கள், தமிழ்த் தட்டச்சு, பழைய கணினியில் திணறாமல் ஓடும் விளையாட்டுகள் என்று எழுதுவேன். எழுதிய நேரத்தைவிட வலைப்பூவின் நிறத்தை மாற்றிய நேரம்தான் அதிகம். (ஒருமுறை "அருமையான பதிவு, தொடருங்கள்" என்று பின்னூட்டம் வந்தது. பின்னூட்டப் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க நானே போட்டது.)

இப்படிப்பட்டவனை எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் மேதை என்று நம்பியிருந்தார்கள். அதனால் எந்த விசேஷம் என்றாலும் பத்திரிகைக்கு மேட்டர் அடித்துத் தருவது என் பொறுப்பு.

அக்கா வசந்தாவின் கணவர் மணி மாமா ஆவடியில் வீடு கட்டியபோதும் நான்தான் அடித்துத் தந்தேன். உறவினர் பெயர் வரிசையின் கடைசி வரி, எழுத்துப் பெட்டிக்கு வெளியே போய் மறைந்துவிட்டது. அந்த வரியில் இருந்தவர் தங்கை கலாவின் கணவர் சேகர். மாப்பிள்ளை கிரகப்பிரவேசத்துக்கு வந்தார், சாப்பிட்டார், தாம்பூலப் பையை வாங்காமல் கிளம்பிவிட்டார். அதன் பிறகு சகலைகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மணி மாமா வீட்டு விசேஷம் எதற்கும் சேகர் கலாவை அனுப்பவும் இல்லை.

பிறகு சேகரே மேனாம்பேட்டில் வீடு கட்டினார். கலா என் வீட்டுக்கு வந்து, உட்காராமலேயே சொன்னாள்.

"அண்ணே, பத்திரிகைல மணி மாமா பேரும் போடணும், அவரை நேர்ல போய் கூப்புடணும்னு இவரை எப்படியோ ஒத்துக்க வெச்சிட்டேன். இந்த வாட்டியாவது இவரு பேரு ஒழுங்கா வரணும். உட்டுப்போச்சு, அப்பறம் எனக்கு அக்கா ஊடே கிடையாது."

"உட்டுப்போவாது. என்கிட்ட ஒரு டெக்னிக் கீது" என்றேன்.

டெக்னிக் என்னவென்றால், அந்த வாரம்தான் வலைப்பூவில் 'ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றுங்கள்' என்று ஒரு பதிவு எழுதியிருந்தேன். மணி மாமாவின் பழைய பத்திரிகைக் கோப்பைத் திறந்தேன். நாள், நேரம், முகவரி, உறவினர் பெயர்கள் எல்லாவற்றையும் புதிதாக அடித்தேன். 'மணி' இருக்கும் இடமெல்லாம் 'சேகர்' என்று மாற்றும்படி கட்டளை கொடுத்தேன். மாற்றிவிட்டதாகக் கணினி ஒரு பெரிய எண்ணைச் சொன்னது. ஒருவர் பெயர் ஒரு பத்திரிகையில் அத்தனை முறை வருமா என்று அப்போதே யோசித்திருக்கலாம். நானோ கணினியின் சுறுசுறுப்பை மெச்சிக்கொண்டிருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று 'மணி' எங்காவது மிச்சம் இருக்கிறதா எனத் தேடினேன். எங்கும் இல்லை என்றது. அதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

கரையான்சாவடி அச்சகத்தில் ஒரே கூட்டம். கல்லாவில் இருந்தவர் புரூஃப் தாளை நீட்டினார். "நல்லா பாத்துக்க அண்ணாத்தே. அப்பறம் வந்து சத்தம் போடக்கூடாது. நீ குடுத்த மேட்டர்ல நாங்க கை வெக்கமாட்டோம்."

எனக்குப் பின்னால் நின்றவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. அத்தனை பேர் பார்க்க நின்று படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முதல் வரியில் சேகர் இருந்தார். "ஓகே" என்றேன்.

பத்திரிகைகள் வந்தன. கலா நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவினாள். சேகர் ஒன்றை எடுத்துத் தன் பெயரைப் பார்த்துவிட்டு, "சூப்பர் மச்சான்" என்றார். வேறு யாரும் படிக்கவில்லை. பத்திரிகையை யார் படிக்கிறார்கள்?

சேகருடைய பெரியப்பா படிப்பார்.

முதல் பத்திரிகை பூந்தமல்லியில் இருந்த அவருக்குத்தான். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வெற்றிலைத் தட்டோடு வாங்கியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி படிக்க ஆரம்பித்தார்.

"காலை ஆறு சேகர்க்கு மேல் ஏழரை சேகர்க்குள்…" நிறுத்தினார். "இன்னா நைனா இது? ஏழரை சேகர் யாரு? நீ ஒருத்தன்தானே?"

சேகர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

"மதியம் பன்னெண்டு சேகர்யளவில் விருந்து. எடம், சேகர்யக்காரர் தெரு." (மணியக்காரர் தெரு என்று இருந்தது.) "அன்னையார் திருமதி கண்சேகர்… டேய், யார்ரா இது கண்சேகரு? உங்கம்மா கண்மணியா?"

"படிச்சது போதும் பெரிப்பா" என்றார் சேகர்.

"இரு நைனா, இப்பத்தான் களை கட்டுது."

பெரியப்பா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய மருமகள்கள் இருவரும் அடுப்படியிலிருந்து வந்து ஆளுக்கொரு பத்திரிகை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் காலி டம்ளரை விடாமல் குடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் சொன்னேன். "மாப்ள, நாளைக்கே வேற அடிச்சிடலாம்."

சேகர் பத்திரிகையை ஏற இறங்கப் பார்த்தார். மேலே சேகர், நடுவில் சேகர், தெருவிலும் சேகர்.

"போன வாட்டி ஒரு எடத்துலகூட என்னைப் போடல. இந்த வாட்டி என்னைத் தவிர ஒன்னையும் போடல" என்றார். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "வோணாம் மச்சான். மாத்தாத. இப்படியே இருக்கட்டும்."

கிரகப்பிரவேசத்தன்று இருட்டு விலகுவதற்குள் கூட்டம் நிரம்பிவிட்டது. எங்கள் சொந்தக்காரர்கள் எந்த விசேஷத்துக்கும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. வந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே, "இன்னாப்பா, ஆறு சேகர் ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். சேகர் ஒவ்வொருவருக்கும் கடிகாரத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். கல்யாணத்தில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

மணி மாமாவும் வந்தார். சேகர் ஓடிப்போய், "வா சகலை" என்று கையைப் பிடித்தார். கலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மூச்சு வந்தது.

மாமா டிபன் சாப்பிட்டார். கேசரி இரண்டாம் முறை வாங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"ஏம்ப்பா, அழைப்போர் வரிசைல உங்க அக்கா வசந்தாவுக்கு நேரா யார் பேரு கீது, படி."

படித்தேன். 'திரு. சேகர் – திருமதி. வசந்தா' என்று இருந்தது. இரண்டு வரி தள்ளி, 'திரு. சேகர் – திருமதி. கலா'. மணி என்று ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்த சுவடே அதில் இல்லை. நான்தான் தேடிப்பார்த்து உறுதி செய்திருந்தேனே!

"இருபது வருசமா குடித்தனம் பண்றேன், நைனா" என்றார் மாமா. ஆனால் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்ததால் விஷயம் சண்டையாகவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் மணி பார்ப்பதில்லை. "எத்தினி சேகர் ஆச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். ஒன்பது சேகர் ரயில் என்கிறார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடத்திலும் அப்படியே சொல்லி, டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

மணி மாமா மட்டும் அப்படிச் சொல்வதில்லை. யாராவது "பத்து சேகர்" என்றால், கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, "பத்து மணி" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். எங்கள் குடும்பத்தில் நேரத்தைச் சரியாகச் சொல்ல மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான்.