ஐந்து ஆட்டோ, ஏழு ட்ரிப்

"அந்தம்மா ஏர்ற ஆட்டோவுல நான் ஏறமாட்டேன்!"

ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அத்தை பெரியநாயகி அறிவித்தாள். பெண்ணின் சித்தி மஹாலட்சுமியும் அதையே சொன்னாள், இன்னும் சத்தமாக. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த இடத்தில் கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது.

மாப்பிள்ளை விக்ரமுக்கு வியர்த்தது. ஐயம்பேட்டைக்காரன், கல்லூரியில் கணக்கு வாத்தியார். புள்ளிகளை ஒன்றும் மிஞ்சாமல், ஒன்றும் இரண்டு இடத்தில் வராமல் கோடுகளாகப் பிரிக்க முடியுமா என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. எண்ணினான். தன்னையும் சேர்த்துப் பதினாறு பேர். பேசி வைத்திருந்த ஆட்டோ ஐந்து, ஆட்டோவுக்கு மூன்று பேர். ஒன்று மிஞ்சியது.

"நான் ஸ்கூட்டர்ல வரேன்," என்றான். உடனே முகம் மலர்ந்தது. "ஆளுங்க பதினஞ்சு புள்ளி, ஆட்டோதான் கோடு, கோட்டுக்கு மூணு! அஞ்சு ஆட்டோவுல ஏழு ட்ரிப் போனா, எந்த ரெண்டு பேரும் சரியா ஒரே ஒரு தடவைதான் சேர்ந்து போவாங்க!"

"சூப்பருங்க," என்றாள் மணப்பெண் அனு. நிச்சயம் ஆனதிலிருந்து அவள் அவனைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. "எல்லா லிஸ்ட்லயும் என் பேரை முதல்ல போட்டுடுங்க. எனக்குக் குழப்பம் வராது."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. போட்டான். லிஸ்டில் முதல் வரி என்றால் ஒண்ணாம் நம்பர் ஆட்டோ.

போக வேண்டிய இடமோ நான்கு. கணக்கு கேட்டது ஏழு. உச்சி வெயிலில் பதினைந்து பட்டுப்புடவைகள் தென்னேரி ஏரிக்கரையில் போய் நின்றன.

"இங்க இன்னாத்துக்குடா வந்துக்கினு இருக்கறோம்?" என்றாள் அவன் அம்மா.

"நாலாவது ட்ரிப்மா."

எல்லோரும் எல்லோரோடும் போனதில், சித்தியைப் பற்றி அத்தை முதல் ட்ரிப்பில் காதோடு சொன்ன குறை ஐந்தாவது ட்ரிப்புக்குள் பதினைந்து பேருக்கும் தெரிந்துவிட்டது. நான்கு பேர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். "ஒருத்தர் போனாலும் மொத்தமும் கெட்டுடும்!" என்று கையைப் பிடித்துக் கெஞ்சி ஏற்றினான்.

ஆறாவது ட்ரிப்பில் அத்தையும் சித்தியும் ஒரே ஆட்டோ. விக்ரம் பயந்துகொண்டே பின்தொடர்ந்தான். இறங்கும்போது இருவரும் கைகோத்திருந்தார்கள்.

"இந்தப் புள்ளைக்கு எதுனா வைத்தியம் பாக்கணும் அண்ணி," என்றாள் சித்தி.

"பாத்தோம். அடங்கல," என்றாள் அத்தை.

ஏழாவது ட்ரிப் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வாசலில் முடிந்தது. இறங்கியது பதினான்கு பேர்.

"அனு வளையல் கடைக்குப் போயிட்டு வரேன்னு அதே ஆட்டோல போச்சுப்பா," என்றாள் சித்தி.

அரைமணி நேரம் ஆனது. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. விக்ரம் தைரியத்துக்காக லிஸ்டை மறுபடி சரிபார்த்தான். ஒரு பிழையில்லை. எந்த ஜோடியும் இரண்டாம் முறை சேரவேயில்லை.

கடை வாசலில் காக்கிச் சட்டையோடு நின்றிருந்த ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"ஒண்ணாம் நம்பர் எப்ப சார் வரும்? அது என் வண்டி. தன்கூடப் படிச்ச தம்பி இன்னிக்கு ஒரு நாள் ஓட்டட்டும்னு காலைல அந்தக் கல்யாணப் பொண்ணுதான் வந்து சாவி வாங்கிக்கினு போச்சு!"