சாருக்கே கட்டு போட்ட கதை

இன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வண்டி ஓட்டுறவங்களுக்கான முதலுதவி, பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகணும், சர்ட்டிபிகேட் வாங்கணும், வூட்டுக்கு வரணும்.

அவ்ளோதான். இதுல இன்னா கெட்டுப்போவும்னு கேக்குறீங்களா? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

சர்ட்டிபிகேட் எதுக்குனா, எங்க மகளிர் குழுவுல ஸ்கூட்டில மீன் யாவாரம் பண்ற பொம்பளைங்களுக்குப் புது ஐஸ் பொட்டி தராங்க. சொட்டுத் தண்ணி ஒழுகாது. என் பழைய பொட்டிக்கு அடியில ஓட்டை, கந்தத் துணிய அடைச்சு ஓட்டிக்கினு இருக்கேன். ஆனா முதலுதவி, பாதுகாப்பு ரெண்டுலயும் பாஸ் ஆனாதான் புதுப் பொட்டி.

போறதுதான் போறோம், காலைல ஏலத்துல எடுத்த இறாவையும் ஏத்திக்கினா வகுப்பு முடிஞ்சு அப்படியே பொன்னேரிக்குப் போயிடலாமேனு ஏத்திக்கினு கெளம்பினேன். அறிவு!

சமுதாயக்கூடத்து கேட்டு ஓரமா நெழலு இருந்துச்சு. வண்டிய அங்க போட்டேன். ஐஸ் கரைஞ்ச தண்ணில இறா ஊறினா நொளநொளன்னு ஆயிடும். அதனால அடைச்ச துணிய உருவிட்டு உள்ள போனேன். எங்க பக்கம் எல்லாரும் செய்யறதுதான்.

பயிற்சி குடுக்க வந்த சாரு மெட்ராஸ்காரரு. சட்டையில ஒரு சுருக்கம் இல்ல. சோக்கா சொல்லிக் குடுத்தாரு.

"அடிபட்டவரு எனக்கு ஒண்ணும் இல்லனுதான் சொல்லுவாரு. நம்பாதீங்க. எழுந்திருக்க விடாதீங்க. மூச்சு நல்லா வருதுனா ஹெல்மெட்ட உருவாதீங்க. குடிக்க எதுவும் குடுக்காதீங்க."

கேள்வி கேட்டப்போ நான் முந்திக்கினு எல்லாத்தையும் ஒப்பிச்சேன்.

"வெரி குட் ஸ்டெல்லாம்மா!"

பள்ளிக்கூடத்துல ஒரு நாளும் கேக்காத வார்த்தை. தலைகால் புரியல எனக்கு!

இதுக்கெல்லாம் முன்னாடி, "முதல்ல அந்த இடத்துல ஆபத்து இருக்கானு பாருங்க"னு ஒண்ணு சொன்னாராம். அந்த நேரத்துல நான் பக்கத்து வூட்டு மேரிகிட்ட, இன்னிக்கு ஏலத்துல நண்ட யாரு எடுத்தாங்கனு விசாரிச்சுக்கினு இருந்தேன்.

வகுப்பு முடிஞ்சுது. சாரு, "ஸ்டாம்ப்ப ரூம்லயே விட்டுட்டேன், அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்"னு ஹெல்மெட்ட மாட்டிக்கினு பைக்க எடுத்தாரு.

கேட்டுகிட்ட போனாரு. சர்ர்ர்னு ஒரு சத்தம். பைக் ஒரு பக்கம், சாரு ஒரு பக்கம்.

எல்லாரும் "ஐயையோ"னு அப்படியே நின்னுட்டாங்க. நான் நிப்பனா? பாய்ஞ்சேன்.

"சார், அசையாதீங்க!"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"இப்படித்தான் சொல்லுவாங்கனு நீங்கதான சொன்னீங்க!" தோளப் புடிச்சுப் படுக்க வெச்சேன்.

"ஹெல்மெட்டயாவது கழட்டும்மா, வேர்க்குது."

"இவ்ளோ பேசுறீங்க இல்ல, அப்போ மூச்சு நல்லா வருது. கழட்டக் கூடாது."

"வலது கை மட்டும் லேசா..."னு இழுத்தாரு.

அது போதும் எனக்கு! பொட்டி மேல மூடுற பலகைய உருவினேன். கட்டுத் துணி தேட ஏது நேரம்? பொட்டியக் கட்டுற நைலான் கயிறு கையில இருந்துச்சு. மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் பலகை வெச்சு, எங்க நைனா வலைக்குப் போடுற முடிச்சு ஆறு போட்டேன். எங்க ஊரு ஏரியே இழுத்தாலும் அவுறாது.

"என்னம்மா இது, இப்படி நாறுது?"

"அடிபட்டா அப்படித்தான் சார் இருக்கும், பயப்படாதீங்க"னு தைரியம் சொன்னேன்.

அந்த நேரம் பாத்து மேரி சோடா பாட்டிலோட ஓடியாந்தா. எங்க ஊர்ல எவன் விழுந்தாலும் சோடாதான்.

"குடிக்கக் குடுக்காதடி!"னு நான் கத்துறேன்.

"இடத்தைப் பாருங்க, இடத்தை!"னு சாரு கத்துறாரு.

அதே எடத்துல மேரி வழுக்கி, சாரு பக்கத்துல தொப்புனு உக்காந்தா. சோடா மொத்தமும் ஹெல்மெட்டுக்குள்ள.

அப்போதான் எல்லாரும் குனிஞ்சு பாத்தாங்க. கேட்டு முன்னாடி சிமெண்டு சரிவு பூரா ஈரம். தண்ணி வந்த வழியே எல்லார் கண்ணும் மெதுவா மேல போச்சு. போயி என் ஸ்கூட்டிகிட்ட நின்னுச்சு.

"யாரு வண்டி இது?"னு சாரு படுத்தபடியே கேட்டாரு.

"என்துதான் சார்."

நல்ல மனுசன், வெரி குட்னு சொன்னவரு! அவரையே தள்ளிவுட்டுட்டனேனு நெஜமாவே அழுதுட்டேன்.

"அழாதீங்க ஸ்டெல்லாம்மா. முதல்ல இந்தக் கட்ட அவுருங்க."

அவுக்கலாம்னு பாத்தா, முடியல. நாலு பேரு முயற்சி பண்ணாங்க. மேரி பல்லால கடிச்சுப் பாத்தா. கடைசில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயி நர்ஸம்மாதான் வெட்டி எடுத்தாங்க.

டாக்டரு கைய திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "விழுந்ததுல ஒண்ணும் இல்ல, லேசான சிராய்ப்புதான். இந்த வீக்கம் கட்டுனால வந்தது. யாரு கட்டினா?"

நான் செவுத்துல ஒட்டியிருந்த படத்தப் படிக்க ஆரம்பிச்சுட்டேன்.

மத்தியானம் சாரு ஸ்டாம்ப்போட வந்து, இடது கையால ஒரு பேப்பர நீட்டினாரு. முதலுதவி, பாஸ். பாதுகாப்பு, ஃபெயில்.

"சார், பொட்டி ஒழுகினதாலதான் ஃபெயிலு. ஒழுகாத பொட்டி வாங்கத்தான சார் சர்ட்டிபிகேட்டே கேக்குறேன்!"

"புரியுதும்மா. அடுத்த மாசம் மறுபடியும் வகுப்பு இருக்கு, வாங்க." கொஞ்ச தூரம் போயி திரும்பிப் பாத்தாரு. "நடந்து வாங்க."

அதுவரைக்கும் எனக்கு இதே பொட்டிதான், பொன்னேரி ரோட்ல பைக்ல போறவங்க எல்லாரும் மறக்காம ஹெல்மெட் போட்டுக்கோங்க மக்களே.