கோடு போடாத இரண்டு வட்டங்கள்

பேச்சுவார்த்தை இல்லாத என் தங்கச்சிக்கு, உன் அக்கா எழுதிக்கொள்வது.

நலம் விசாரிக்கிற நிலைமையில் நாம் இல்லை என்பதால் விசாரிக்கவில்லை. முட்டி வலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன். டாக்டர் எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் இருபத்து நான்கு வருஷம் கட்டிக்காத்த வைராக்கியத்தை ஒரு தபால் உறைக்குள் போட்டு ஒட்டுகிறவள் இல்லை நான். நான் ஐந்தாவதோடு நின்றவள், நீ எட்டாவது வரை போனவள். பிழை இருந்தால் திருத்திப் படி, திருத்தித் திருப்பி அனுப்பாதே.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் புற்றுநோய் விழிப்புணர்வு முகாம் போட்டார்கள். நான் நோய்க்காகப் போகவில்லை. அங்கே நாற்காலி இருந்தது, மின்விசிறி இருந்தது, உட்கார்ந்தால் பேசுவதற்கு ஒரு நர்ஸும் இருந்தாள். பேத்தி வேறு ஊரில் மருந்தாளுநர் படிப்பை முதல் வகுப்பில் முடித்திருக்கிறாள் (உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்). ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். மற்ற ஆறு நாளும் நானும் தையல் மிஷினும்தான். மிஷினாவது மிதித்தால் சத்தம் போடும். அந்த நர்ஸ், "அம்மா எதுல இறந்தாங்க?" என்றாள். "வயித்துப் புண்" என்றேன். "பெரியம்மா?" "கால் தவறி விழுந்துட்டாங்க." "சித்தி?" "கவலையில." "கவலையிலயா!" என்று பேனாவை நிறுத்தினாள். "அந்தக் காலத்துக் கவலை அப்படிம்மா, ஆளையே தூக்கிடும்" என்றேன். எழுதிக்கொண்டாள்.

இந்தச் சாமர்த்தியத்தை ஞாயிற்றுக்கிழமை பேத்தியிடம் சொல்லப்போக, அவள் சிரிக்கவில்லை. "எனக்கு உங்க மூக்குன்னு ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுறீங்களே பாட்டி, மூக்கு மட்டும்தான் வந்திருக்குமா?" என்றாள். மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். இரண்டாவது மாடியில் மரபணு ஆலோசகர் என்று பலகை மாட்டிய அறையில் ஒரு கண்ணாடிக்காரப் பெண் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் நம் குடும்பத்தைப் பற்றியே கேட்டாள். என்னை யாரும் இவ்வளவு நேரம் கேட்டதில்லை, அந்த மயக்கத்தில் பாதிப் பொய் சொல்லிவிட்டேன். மறு வாரம் போய்த் திருத்தினேன். பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் கட்டம், இறந்தவர் மேல் குறுக்கே ஒரு கோடு. உன் அத்தானை இத்தனூண்டு கட்டமாகப் போட்டாள். "அவர் ஆறடி உயரம்மா, கொஞ்சம் பெருசாப் போடு" என்றேன். எல்லோரும் ஒரே அளவுதானாம். புற்றுநோய் வந்தவர்களைக் கறுப்பாகத் தீட்ட வேண்டுமாம். அம்மாவைத் தீட்டினாள், பெரியம்மாவைத் தீட்டினாள், சித்தியைத் தீட்டினாள். பென்சில் முனையே மழுங்கிவிட்டது.

அந்தத் தாளில் பெரியவர்கள் எல்லோர் மேலும் கோடு விழுந்திருந்தது. நம் வரிசையில்தான் இரண்டு வட்டம் வெறுமையாக நின்றது. "தங்கச்சி இருக்காங்களாம்மா?" என்றாள். "இல்லாம எங்க போவா?" என்று எரிந்து விழுந்தேன். "கடைசியா எப்போ பேசினீங்க?" என்றாள். பென்சில் உன் வட்டத்துக்கு மேலேயே நின்றது. பஸ்ஸில் வரும்போது, நிஜமாகவே இருக்கிறாளா என்று ஒரு நினைப்பு வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். உன் வீட்டு நம்பர் எனக்கு மறந்துவிட்டது, விரல்தான் மறக்கவில்லை. போன மாதம் நான்கு தடவை உன் போன் அடித்து, எடுத்தால் யாரும் பேசவில்லையே, அது நான்தான். நான்காவது தடவை, "வேலைவெட்டி இல்லாத கழுதை, வை போனை!" என்றாய். மறுநாளே அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணிடம் போய், "இருக்கா. நல்லா திட்டுறா" என்று சொன்னேன். அறுபத்தாறு வயது, நலம் என்று எழுதிக்கொண்டாள்.

பிறகு என் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். அம்மா வழியில் வந்த ஒரு மாற்றம் என் மரபணுவில் இருக்கிறதாம். இருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை, மற்றவர்களைவிட வர வாய்ப்பு அதிகம், முன்னாலேயே தெரிந்துகொண்டால் அடிக்கடி பார்த்து, வந்தாலும் ஆரம்பத்திலேயே பிடிக்கலாம் என்றாள். "எனக்கு வந்துடுச்சுல்ல, அப்போ தங்கச்சி தப்பிச்சா" என்று நான் நிம்மதியாக எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இது பாகம் பிரிக்கிற சமாச்சாரம் இல்லையாம். உனக்கும் தனியாகப் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். உனக்கு இருந்தால் உன் மகளுக்கும் அதே கணக்காம்.

அதனால் நீ பரிசோதனைக்குப் போக வேண்டும். இன்னொன்று. என் மகனுக்குப் பேசி முடிக்க வந்த பெண் வீட்டார் முன்னால், "எங்க அம்மா, பெரியம்மா, சித்தி மூணு பேருமே புற்றுநோயிலதான் போனாங்க" என்று போட்டு உடைத்தாயே, அன்றைக்கு உன்னை இனி வாசப்படி மிதிக்காதே என்றேன். நீயும் ரோஷக்காரி, மிதிக்கவில்லை. ஆனால் அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை, கல்யாணமும் நடந்தது, நான்தான் எடுத்துக்கொண்டேன். நீ சொன்னது உண்மை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

உன் மகளுக்கு என் ஆசிகள். அவள் பிள்ளைகளுக்கும், எத்தனை பேர் என்று தெரியாததால், மொத்தமாக. பதில் எழுத வேண்டாம், எதிர்பார்க்கவும் இல்லை.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
உன் அக்கா

பின்குறிப்பு: டாக்டர் எழுதச் சொன்னதாக மேலே எழுதியது பொய். உறவுக்காரர்களுக்கு அனுப்ப என்று அவர்களே அச்சடித்த தாள் கொடுக்கிறார்கள், விலாசம் எழுதி ஒட்டினால் போதும். அதையும் இத்துடன் வைத்திருக்கிறேன், விவரமெல்லாம் அதில் இருக்கிறது. அதில் இல்லாதது ஒன்றுதான். நான் ரத்தம் கொடுக்கப் போனபோது, "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டார்கள். "தங்கச்சி வெளியில உக்காந்திருக்கா" என்று சொல்லிவிட்டேன். நீ அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டாம். தேதியை மட்டும் சொல்லு, நான் வந்து வெளியில உக்காந்துக்கறேன்.