ஆப்போசிட் எழுதிய கட்டுரை

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது சொன்னால், "நீ போய்ப் பாத்துட்டு வந்தியா?" என்று கேட்கக்கூடிய மனிதன் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஆப்போசிட் ஒருவன்தான். அவனுக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அதையும் மறுத்துவிடுவான் என்ற பயத்தில் நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தோம். ஹாஸ்டலில் அவனுக்கு அடுத்த கட்டில் எனக்கு. போன ஜென்மத்தில் யாரையோ ரொம்பவும் கொடுமைப்படுத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. ஆப்போசிட் எலவனாசூர்கோட்டைக்காரன். குச்சி உடம்பு. அதன் மேல் இடமும் வலமும் ஆடுவதற்கென்றே பொருத்திய ஒரு தலை. அது மேலும் கீழும் ஆடி நாங்கள் பார்த்ததில்லை.

ஒருமுறை வகுப்பே கல்வராயன் மலைக்கு டூர் போனது. கரியாலூர்ப் பக்கம் அருவியில் தண்ணீர் வெள்ளை வெளேரென்று விழுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒருவன் சந்தோஷத்தில், "இன்னாமா கொட்டுது பாருடா!" என்று கத்திவிட்டான்.

"கொட்டலடா. தண்ணி அதுபாட்டுக்கு நடந்து வந்துகினு இருந்துச்சி. இங்க வந்ததும் கீழ தரை இல்ல. அவ்ளோதான் விசயம்" என்றான் ஆப்போசிட், பாறைமேல் உட்கார்ந்தபடி. அதை நிரூபித்து முடிப்பதற்குள் நாங்கள் குளித்து, துவட்டி, புளிசாதமும் சாப்பிட்டு முடித்துவிட்டோம். திரும்பும்போது, மலைப்பாதையில் வாந்தி வருவதெல்லாம் வெறும் மனப்பிரமை என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தவன், மூன்றாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். கச்சிராயபாளையம் வரை தலை உள்ளே வரவில்லை. "இன்னாடா, வாந்தியா?" என்று கேட்டேன். "வாந்தி இல்ல, எதுக்களிப்பு" என்று வெளியிலிருந்து பதில் வந்தது.

இப்படிப்பட்டவனிடம் போய் வாதக் கட்டுரை எழுதச் சொன்னால் என்ன ஆகும்? சொன்னார்கள்.

சொன்னவர் நோட்ஸ் மேடம். அவர் பாடம் நடத்தியதாகச் சரித்திரம் கிடையாது. நோட்ஸ் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஒரு டிஸ்டோப்பியா நாவல், அதாவது எதிர்காலம் எப்படியெல்லாம் நாசமாகும் என்று பயமுறுத்தும் நாவல், பாடமாக இருந்தது. அதில் ஒரு நகரம். அங்கே ஜன்னல்களைத் தெருப்பக்கம் திறக்கக்கூடாது. சாயங்காலம் சங்கு ஊதினால் ஜனங்கள் வாசலில் நின்று, அன்று யாரோடு பேசினோம், என்ன பேசினோம் என்று ஒப்பிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் புகார் கொடுத்தால் ரேஷனில் சர்க்கரை கூடுதலாகக் கிடைக்கும்.

"அந்த அரசாங்கம் செஞ்சது சரியா, தப்பா? ஒரு பக்கம் நின்னு ஆதாரத்தோட எழுதுங்க" என்றார் மேடம்.

வகுப்பு மொத்தமும் தப்பு என்று எழுதியது. எழுதியது என்று சொல்வது கௌரவத்துக்காக. எல்லோருக்கும் செல்போன்தான் எழுதிக் கொடுத்தது. அதனால் எல்லாக் கட்டுரைகளும், இன்றைய வேகமான உலகில் சுதந்திரம் எவ்வளவு முக்கியம் என்று ஒரே குரலில் ஆரம்பித்தன. சிந்தனைச் சுதந்திரத்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொந்தமாகச் சிந்திக்காமல் எழுதிய பெருமை எங்கள் வகுப்பைச் சேரும்.

ஆப்போசிட் மட்டும், அரசாங்கம் செய்தது சரி என்று எழுதினான்.

செமினாரில் அதை வாசிக்கச் சொன்னார்கள். தலைமை நாற்காலி காலியாக இருந்ததால் ஹாஸ்டல் வார்டனைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவர் விளையாட்டுத் துறை. இலக்கியத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு, எங்கள் புத்தகக் கண்காட்சி ஷாமியானாவுக்குக் கயிறு கட்டியதோடு முடிந்துவிட்டது. ஆங்கிலக் கட்டுரை ஆரம்பித்ததும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். கேள்வி நேரத்தில் ஆப்போசிட் தமிழுக்கு மாறியதும்தான் விழித்தார்.

"அந்த ஊர்ல சத்தம் கம்மி, சண்ட கம்மி. பக்கத்து வூட்டுக்காரன் பேரு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நம்ம தெருவுல தெரியுமா? சொந்த ஊர்ல யாரு செத்தாங்கன்னு ஸ்டேட்டஸ் பாத்துதானே தெரிஞ்சிக்கிறோம்? இப்ப சொல்லுங்க, எது நாசமா போன ஊரு?"

நாங்கள் கூச்சல் போட்டோம். வார்டன் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். "இது புக்குல இருக்கா? அப்டியே இருக்கா?" என்று மேடத்திடம் கேட்டு, கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். ஒரு கட்டுரை இவ்வளவு ஆர்வத்தோடு படிக்கப்பட்டது எங்கள் துறையில் அதுவே முதல்முறை.

அடுத்த வாரம் ஹாஸ்டல் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ரோட்டுப் பக்கம் ஜன்னல் திறக்கக்கூடாது. சாயங்காலம் மணி அடித்தால் அறை வாசலில் நின்று, யாரோடு பேசினோம் என்று ஒப்பிக்க வேண்டும். ஒழுக்கக்கேட்டைப் பற்றித் தகவல் கொடுப்பவருக்கு மெஸ்ஸில் ஒரு முட்டை கூடுதல்.

"பாத்தியாடா, நாவலாசிரியருக்கே கெடைக்காத மரியாத எனக்கு!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலைந்தான் ஆப்போசிட். அவன் தட்டில் சாம்பாரைக் கவிழ்க்கலாமா என்று யோசித்தேன்.

முட்டைக்கு இருந்த மகிமையை அப்போதுதான் கண்டோம். நேற்றுவரை ஒரே துண்டில் தலை துவட்டியவர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுத்தார்கள். பீடி பிடித்தவன், கேட் ஏறிக் குதித்தவன், வார்டனுக்குப் பட்டப்பெயர் வைத்தவன் என்று தினமும் தகவல்கள் குவிந்தன. மெஸ்ஸில் எதிரே இருப்பவன் தட்டில் இரண்டு முட்டை இருந்தால், இன்று யார் தலை உருண்டதோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

கடைசியில் உருண்டது குணாவின் தலை. திருநாவலூர்ப் பையன். அதிர்ந்து பேசாதவன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணோடு நின்று பேசினான் என்று அவனுடைய அறைத்தோழனே தகவல் கொடுத்து முட்டை வாங்கித் தின்றுவிட்டான். வார்டன் குணா வீட்டுக்குப் போன் போட்டு, காதல் கீதல் என்று கதையை வளர்த்துவிட்டார். அடுத்த நாள் காலையிலேயே குணாவின் அப்பா வந்துவிட்டார். அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டு வந்த மனிதர். கையில் ஒரு காலிப் பை. மகனுடைய துணிகளை அள்ளிக்கொண்டு அவனையும் கையோடு கூட்டிப்போக வந்திருந்தார்.

"படிச்சி கிழிச்சது போதும். வூட்டுக்கு வா" என்றார். குணா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று கல்லூரி முதல்வர் ஹாஸ்டலைப் பார்வையிட வந்திருந்தார். மெஸ் ஹாலில் எல்லோரையும் கூட்டி வைத்து வார்டன் புதிய விதிகளை விளக்கினார். "இது என் ஐடியா மட்டும் இல்லீங்க சார். நம்ம பையனே கட்டுரையா எழுதி நிரூபிச்சிருக்கான். எழுந்து சொல்லுப்பா!"

ஆப்போசிட் எழுந்தான். முதல்வர் தலையாட்டினார். வார்டன் தலையாட்டினார். முட்டை தின்றவர்களும் தலையாட்டினார்கள். சபையே தன் கட்சியில் இருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது. பிறகு வாசலோரம் மகனோடு நின்றிருந்த குணாவின் அப்பாவையும் அந்தக் காலிப் பையையும் பார்த்தான்.

"அந்தக் கட்டுரை மொத்தமும் தப்பு சார்" என்றான்.

"நீதானப்பா எழுதுன?" என்றார் முதல்வர்.

"நான் எழுதுனா தப்பா இருக்காதா? சத்தம் கம்மின்னு எழுதுனேன். பயந்தவன் வாய மூடிகினு இருந்தா அதுக்குப் பேரு அமைதியா சார்? பக்கத்து வூட்டுக்காரன் பேரு தெரியும்னு எழுதுனேன். எதுக்குத் தெரிஞ்சி வச்சிருக்கான்? போட்டுக் குடுக்கத்தான். இவன்கூட ஒரே தட்டுல சாப்ட்டவனே ஒரு முட்டைக்கு இவன வித்துட்டான். இத ஒழுக்கம்னு எழுதுன என்னைய மொதல்ல வெளிய நிக்க வைக்கணும்!"

வார்டன் குறுக்கே பேச வந்தார். ஆப்போசிட் அவரை விட்டுவிட்டு நேரே குணாவின் அப்பாவிடம் போனான்.

"ஐயா, உங்க புள்ள மேல ஒரு குத்தமும் இல்லீங்க. அன்னிக்கி நானும் அங்கதான் நின்னுகினு இருந்தேன். அந்தப் பொண்ணு உளுந்தூர்பேட்ட பஸ் எங்க நிக்கும்னு கேட்டுச்சி. இவன் பதில் சொன்னான். அவ்ளோதாங்க. அதையும் தப்பா சொன்னான். அந்த பஸ் அங்க நிக்காது."

பெரியவர் மகனைப் பார்த்தார். "அவ்ளோதானாடா?" என்றார். குணா தலையை ஆட்டினான். அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அப்ப இங்கியே இருந்து படி" என்றார்.

ஹால் முழுக்கக் கைதட்டல். ஆப்போசிட் எரிச்சலோடு திரும்பினான். "இன்னாத்துக்குடா தட்றீங்க? எல்லாரும் தட்டுனா நான் எங்கியோ தப்பா பேசிட்டேன்னு அர்த்தம்!"

பெற்றோர் முன்னால் விஷயம் நாறிவிட்டதால் முதல்வர் அங்கேயே விதிகளை ரத்து செய்தார். அதே மூச்சில், வார்டனை அவமதித்ததற்காக ஆப்போசிட்டை ஹாஸ்டலை விட்டு நீக்கினார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நடந்துகொண்டாராம். நோட்ஸ் மேடம் தன் பங்குக்குப் பழைய கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் போட்டார். அது ஜாஸ்தி, குறைக்க வேண்டும் என்று ஆப்போசிட் அவரிடம் வாதாடி, குறைத்துக்கொண்டுதான் வந்தான்.

அன்று சாயங்காலம் அவன் பெட்டியை நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிப் போனோம். இனி எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் வந்து போக வேண்டும். குணா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான், நான் ஒரு பக்கம். அப்படிப் பிடித்தால் கைப்பிடி பிய்ந்துவிடும் என்று ஆப்போசிட் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். பஸ் கிளம்பியபோது, "போய்ட்டு வாடா" என்றேன். "போறேன். வர்றது நாளைக்கிதானே? அத நாளைக்கி சொல்லு" என்றான்.

மறுநாள் காலை மெஸ்ஸில் இட்லி கல்லாக இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் யாரையும் மறுக்கவில்லை. எத்தனையோ மாதமாக நான் வேண்டிக்கொண்ட அமைதி அதுதான். பாதி இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, காலேஜ் வாசலில் போய் நின்று, உளுந்தூர்பேட்டையிலிருந்து எலவனாசூர்கோட்டை வழியாக வரும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.